மூன்றாம் அறையில் சிவப்பு விளக்கு

"அண்ணே, அப்பா ரூம்ல அந்தப் பெட்டி கத்திக்கிட்டே கெடக்கு. ஒரு லைட்டு செவப்பா எரியுது. பிடுங்கிப் போட்டுரவா?"

காலை ஆறரை மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து தங்கை. அவள் சொன்ன பெட்டி, அப்பாவின் மேசைக்கு அடியில் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் நாஸ். வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து, எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் சேமிப்புப் பெட்டி. உள்ளே நான்கு அறைகள். அறைக்கு ஒரு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க். அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரங்களின் நகல், கொழும்பிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்களை அப்பா பொறுமையாக ஸ்கேன் செய்து வைத்தது, எல்லாம் அதில்தான்.

"எத்தனாவது அறை?"

"மூணாவது."

"எதையும் தொட்டுராத. சத்தத்தை மட்டும் நிறுத்து."

இதுவரை சரி. அடுத்து நான் செய்ததுதான் பிழை. சனிக்கிழமை புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். மூன்றாம் அறையில் இருந்ததை உருவி, புதியதைச் செருகினேன். ஒன்பது மணி நேரத்தில் விளக்கு பச்சையானது. பழைய டிஸ்க்கைத் தினசரித் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ அறுவை சிகிச்சை செய்து முடித்த மருத்துவர் மாதிரி சென்னை திரும்பினேன். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் போன். இந்த முறை சிவப்பு, ஒன்றாம் அறையில்.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் 'வரவில்லை' என்று குறிக்கிறார். பையனுக்குக் காய்ச்சலா, பஸ் வரவில்லையா என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கும் அப்படித்தான். இந்த அறையைக் கூப்பிட்டேன், குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. பெட்டிக்குத் தெரிந்தது அவ்வளவே. டிஸ்க் செத்திருக்கலாம். அதில் ஒரு மூலை மட்டும் கெட்டிருக்கலாம். இணைப்பில் களிம்பு ஏறியிருக்கலாம். மின்சாரம் போதாமல் போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புதான்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நடப்பதைப் பார்த்தால், அது ஏன் கெடுகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எப்படி ஆறு வருடம் ஓடியது என்றுதான் கேட்பார்கள். முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். உருவாக்கியது. ராமாக் என்று பெயர். 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள்; எடை ஏறத்தாழ ஒரு டன்; கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு படமே அதற்குள் அடங்காமல் போகலாம். அந்த இயந்திரத்தில் தகட்டுக்கும், அதைப் படிக்கும் தலைக்கும் நடுவே சுமார் 20 மைக்ரோமீட்டர் இடைவெளி. தலை தகட்டில் உரசாமலிருக்க அழுத்தக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அந்த இடைவெளி சில நானோமீட்டர், ராமாக்கில் இருந்ததில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவு. கீழே தகடு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பு மணிக்கு 125 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம் இழுத்துவரும் காற்றின் மேல்தான் தலை மிதக்கிறது. தனியாகக் காற்று ஊத வேண்டியதில்லை. ஒரு தூசி இடையில் சிக்கினாலோ, ஓடும்போது பெட்டி தடுக்கி விழுந்தாலோ தலை தகட்டில் உரசும். உரசிய இடத்திலிருந்து காந்தப் பூச்சு பொடியாக உதிரும். அந்தப் பொடியே அடுத்த உரசலுக்குக் காரணமாகும்.

சத்தம்கூட இதைக் கலைக்கும். 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்குகளின் முன்னால் நின்று வாய்விட்டுக் கத்தினார். அந்த நொடியில் டிஸ்க்குகள் பதில் தரும் நேரம் ஏறியது திரையில் அப்படியே தெரிந்தது. அந்த வீடியோ இன்றும் இணையத்தில் இருக்கிறது. உங்கள் பெட்டி ஹோம் தியேட்டர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தால், இடம் மாற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

தகட்டில் தரவு செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதப்படுகிறது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒரு துண்டுக்கு 4,096 பைட். ஒவ்வொன்றோடும் பிழை திருத்தும் குறிகளும் சேர்த்து எழுதப்படும். ஒரு செக்டரைப் படிக்கும்போது குறிகளைக் கொண்டும் திருத்த முடியாத அளவுக்குப் பிழை இருந்தால், டிஸ்க் அதை உடனே தள்ளிவிடுவதில்லை. 'சந்தேகத்துக்குரியது' என்று ஒரு பட்டியலில் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை யாராவது அதே இடத்தில் புதிதாக எதையாவது எழுத வரும்போது தீர்ப்பு நடக்கும். எழுதியது நன்றாகப் பதிந்தால் செக்டர் விடுதலை. பதியவில்லையென்றால் அதற்குப் பதில் கையிருப்பிலுள்ள உபரி செக்டர் ஒன்று அந்த முகவரியில் உட்கார்த்தப்படும். ஓடுகளில் ஒன்று உடைந்தால் பரணிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகுவதுபோல. வெளியே இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கணக்கெல்லாம் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் ஏறுகிறது. நாஸ் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அதைத் திறந்து பார்க்கலாம். முப்பது நாற்பது வரிகள் வந்து மிரட்டும். வீட்டுக்காரருக்கு வேண்டியது நான்குதான். எண் 5, மாற்றி உட்கார்த்தப்பட்ட செக்டர்கள். எண் 197, சந்தேகப் பட்டியலில் காத்திருப்பவை. எண் 198, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாதவை. இவை பூஜ்யமாக இருக்கவேண்டும். ஒன்றிரண்டு இருந்தால் தேதி போட்டுக் குறித்துவைக்க வேண்டும். வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றவேண்டும். நான்காவது, எண் 199. அது வேறு கதை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் வழியில் சிதைந்ததைக் குறிப்பது அது. பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் குற்றவாளி. 199 மட்டும் ஏறியிருக்க மற்றவை பூஜ்யமாக இருந்தால், புது டிஸ்க் வாங்குவது வீண் செலவு.

ஸ்மார்ட்டை எவ்வளவு நம்பலாம்? 2007 பிப்ரவரியில், ராமாக் பிறந்த அதே சான் ஹோசேயில் நடந்த ஒரு மாநாட்டில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து எழுதியது. சுய சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாள்களுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைப்போல் 39 மடங்கு. இதைப் படித்துவிட்டு ஸ்மார்ட்டைக் கும்பிடத் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதாவது, அது அபாயம் என்றால் நம்பலாம். நலம் என்றால் நம்பக்கூடாது.

மற்றொன்று பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் எழுதியது. டிஸ்க் தயாரிப்பவர்கள் விவரத்தாளில் போடும் 'சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம்' என்ற எண்ணை அவர்கள் சோதித்தார்கள். அந்த எண்ணின்படி ஆண்டுக்கு நூற்றில் ஒரு டிஸ்க்கூடக் கெடக்கூடாது. நடைமுறையில் மாற்றப்பட்டவை ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம். சில இடங்களில் 13 வரைகூட. பத்து லட்சம் மணி நேரம் என்பது 114 வருடம். அதை அச்சிட்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அந்தக் கிப்சன் இந்தக் கதையில் முன்பே வந்தவர். 1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், ராண்டி கட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ரெய்டு என்ற யோசனைக்குப் பெயர் சூட்டியவர்களில் ஒருவர். விலை மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று போனாலும் தரவு போகாது என்பது யோசனை. பெயரில் இருந்த 'மலிவான' என்ற சொல் பிற்பாடு 'தனித்தனியான' என்று மாறிவிட்டது. விற்பவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தங்கை வீட்டுப் பெட்டியில் இருப்பது ரெய்டு 5. மளிகைக் கடை பில்லில் மூன்று சாமான்களின் விலையும் கடைசியில் கூட்டுத்தொகையும் இருக்கின்றன. ஒரு வரியில் எண்ணெய் கொட்டி அழிந்துவிட்டது. கவலையில்லை, மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அழிந்தது கிடைத்துவிடும். மொத்தமே அழிந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு வரி அழிந்தால் கணக்கு முடிந்தது. ரெய்டு 5 செய்வது இதையேதான், பிட் அளவில். ரெய்டு 6 இரண்டு விதமான மொத்தங்களை வைத்திருக்கும். அதனால் இரண்டு இழப்பைத் தாங்கும்.

புது டிஸ்க்கைச் செருகியதும் பெட்டி இந்தக் கழித்தலைத் தொடங்குகிறது. அதற்கு மீதமுள்ள மூன்று டிஸ்க்குகளையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். நான்கு வருடமாக யாரும் திறந்து பார்க்காத ஒரு கல்யாண வீடியோவின் நடுவே, படிக்க முடியாத செக்டர் ஒன்று சத்தமில்லாமல் கிடந்திருக்கும். அது வெளிவரும் நேரம், எந்தப் பிழையையும் தாங்க முடியாத அந்த ஒன்பது மணி நேரம். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 12.5 டெராபைட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருப்பதை வைத்து, ரெய்டு 5 செத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அது மிகை. நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனால் ஒரு பாடம் உண்மை: மாதம் ஒரு முறையாவது எல்லா டிஸ்க்குகளையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பிங் வேலையைப் பெட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். பல பெட்டிகளில் அதை நாமேதான் இயக்கிவைக்க வேண்டியிருக்கிறது. நான் வைத்திருக்கவில்லை. ஒன்பது மணி நேரமும் நல்லபடியாகக் கழிந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

வாங்கும் டிஸ்க்கிலும் வினை உண்டு. மேசைக் கணினிக்கான டிஸ்க், படிக்க முடியாத செக்டர் கிடைத்தால் விடாமல் ஒரு நிமிடம்கூட முயன்றுகொண்டிருக்கும். தேர்வில் ஒரே கேள்வியில் உட்கார்ந்துவிடும் பையன் மாதிரி. பதில் வராததால் பெட்டி அதைச் செத்ததாகக் கணக்கெழுதிவிடும். நாஸுக்கென்று செய்த டிஸ்க் ஏழு நொடியில் 'முடியவில்லை' என்று ஒப்புக்கொள்ளும். பெட்டி மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப்போட்டு எடுத்துக்கொள்ளும். ஆனால் 'நாஸுக்கு' என்ற பெயரை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுதும் டிஸ்க்குகளில் கொள்ளளவு கூடும். தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசை நாஸ் டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறையைச் சொல்லாமலே புகுத்தியிருந்தது தெரிய வந்து, ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இனி ஒன்றாம் அறைக்கு வருவோம். இந்த முறை டிஸ்க் வாங்கப் போகவில்லை. முதலில், தாத்தாவின் கடிதங்களையும் பத்திரங்களையும் போட்டோக்களையும் யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்றில் நகலெடுக்கத் தங்கையிடம் சொன்னேன். நோயைக் கண்டுபிடிப்பது பிறகு. பெட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் முறையும் இதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அடுத்து, சென்னையில் செய்தித்தாளில் சுருண்டு கிடந்த 'செத்த' டிஸ்க்கை என் கணினியில் மாட்டி ஸ்மார்ட் பார்த்தேன். 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். முழு நீளச் சோதனை ஓடவிட்டேன். இரவெல்லாம் ஓடி, குறையில்லை என்றது. பையன் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான். அப்படியானால் பஸ்தான் வரவில்லை.

பெட்டியின் நிகழ்வுக் குறிப்பைத் தொலைவிலிருந்தே திறந்தேன். மூன்றாம் அறை விழுந்தது காலை 5.50-க்கு. ஒன்றாம் அறை விழுந்தது 5.48-க்கு. இரண்டுக்கும் அரை நிமிடம் முன்னால் ஒரே வரி: டிஸ்க்குகள் தூக்கத்திலிருந்து எழுகின்றன. அப்பா விடிகாலையில் எழுந்து பழைய பாட்டுக் கேட்பவர். பாட்டு அந்தப் பெட்டியில் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு 3.5 அங்குல டிஸ்க்குக்கு ஐந்தாறு வாட் போதும். நின்றிருக்கும் தகடுகளைச் சுழற்றிக் கிளப்பும் சில நொடிகளுக்கு மட்டும் அது 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 24 வாட். நின்ற மாட்டுவண்டியை நகர்த்தும் முதல் உந்தல் மாதிரி. நான்கும் ஒருசேர எழுந்தால் ஏறத்தாழ 100 வாட். அந்தக் கணத்தில் அடாப்டர் தளர்ந்தால், எந்த டிஸ்க் அன்று கொஞ்சம் மெதுவோ அது விழும். இன்று மூன்று, நாளை ஒன்று.

சந்தேகத்தைச் சோதிக்காமல் விடக்கூடாது. டிஸ்க்குகள் தூங்கும் வசதியை அணைத்துவைத்தேன். மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை. மறுபடி தூங்கவிட்டேன், கடிதங்களின் நகல் கையில் இருந்த தைரியத்தில். நான்காம் நாள் காலை சிவப்பு. மற்ற எதையும் மாற்றவில்லை என்பதால் இது சாட்சி. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது சரியாக 12 வோல்ட், நான்கும் கிளம்பும் கணத்தில் 11-க்கும் கீழே.

அடாப்டர் இருந்த இடம் மேசைக்கும் சுவருக்கும் நடுவே, திரைச்சீலைக்கு அடியில். தொட்டால் சுட்டது. அதனுள்ளே இருக்கும் மின்பகு கெபாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்லக் காய்ந்துபோகும்; 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. போதாததற்குக் கடற்காற்று. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது தரவு மையங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, டிஸ்க் கோளாறுகளில் வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதத்துக்குத்தான் பெரிய பங்கு என்று கண்டது. அதிலும் தகடுகளை அல்ல, கட்டுப்பாட்டுச் சுற்றையும் இணைப்புகளையும்தான் அது அதிகம் தாக்கியது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும்.

அதே அளவு வோல்ட்டும் வாட்டும் உள்ள புது அடாப்டர் வாங்கி மாட்டினேன். அதோடு நின்றது.

எல்லாக் கதையும் இப்படி அடாப்டரில் முடியாது. டிஸ்க் நிஜமாகவே சாகும்போது பெரும்பாலும் ஒரு சத்தம் கேட்கும்: டிக், டிக், டிக். தகட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் குறிகளைத் தலையால் படிக்க முடியவில்லை. தலையைத் தாங்கும் கை ஓரம் வரை போய் முட்டித் திரும்பி, மறுபடி தேடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற ஆசைதான் பலருடைய தரவைக் கொன்றது. ஒவ்வொரு சுற்றிலும் தலை எதை உரசுகிறது என்று நமக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்து எடுத்தால் பிழைக்கும் என்ற வைத்தியமும் வேண்டாம். வெளியே எடுத்ததும் தகட்டின் மேல் நீர் பூக்கும். சத்தமில்லை, ஆனால் ஆங்காங்கே படிக்க முடியவில்லை என்றால், டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் முழு நகல் எடுக்கலாம். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டுபிடிப்பவற்றைக் கடைசிக்கு வைக்கும்.

அணைத்துவைத்த டிஸ்க் எவ்வளவு சிதைந்திருந்தாலும் நம்பிக்கை மிச்சமிருக்கலாம். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு கொலம்பியா விண்கலம் சிதறியது. அதன் சிதைவுகளுக்கிடையே, வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் சுமார் ஆறு மாதம் கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. செனான் வாயுவின் பாகுநிலை பற்றி விண்வெளியில் நடந்த ஆய்வின் பதிவு அதில் இருந்தது. வெளிப்பகுதி உருகிப்போயிருந்தது; தகடுகள் மட்டும் வளையவில்லை. தரவு மீட்பு வல்லுநர்கள் அவற்றைத் துடைத்து, வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்தி, 99 சதவீதத்தை மீட்டார்கள். 2008-இல் ஆய்வு முடிவு இயற்பியல் இதழில் வெளியானது.

ரெய்டு பேக்கப் அல்ல என்பதை எல்லாரும் சொல்வார்கள்; நானும் சொல்லிவிடுகிறேன். தவறுதலாக அழித்த கோப்பு நான்கு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். தூத்துக்குடிப் பெட்டிக்கு இப்போது சென்னையில் ஒரு நகல் இருக்கிறது. அது இருப்பது, நான் 'செத்தது' என்று கழற்றிக்கொண்டு வந்த மூன்றாம் அறை டிஸ்க்கில்.

ஒரு வேலை பாக்கி. பெட்டி நன்றாக ஓடும் ஒரு நாளில், முறைப்படி அணைத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கையும் உருவி, எந்த அறையில் எந்த சீரியல் நம்பர் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். அறைகளை ஒன்றிலிருந்து எண்ணும் பெட்டிகளும் உண்டு, குறிப்பேட்டில் பூஜ்யத்திலிருந்து எண்ணுபவையும் உண்டு. ஏற்கெனவே ஒன்று விழுந்திருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றைத் தவறி உருவினால் மளிகை பில்லில் இரண்டாவது வரியும் போய்விடும். என் தங்கை அன்று பிடுங்கிப் போட இருந்தது இடமிருந்து மூன்றாவது. பெட்டி எண்ணுவது வலமிருந்து.